படாளத்தில் மேளம், வேடந்தாங்கலில் தாலி

செங்கல்பட்டில் ஒரு கிளை நூலகத்தில் நூலகராக இருந்தேன் என்று சொன்னால், நான் நிறையப் படித்தவன் என்று ஜனங்கள் தாமாகவே முடிவுகட்டிக்கொள்வார்கள். நான் மறுத்ததில்லை. புத்தகங்களுக்கு நடுவே பதினைந்து வருஷம் உட்கார்ந்ததில் எனக்கு உறுதியாக வந்து சேர்ந்தவை இரண்டுதான். ஒன்று, தூசித் தும்மல். இன்னொன்று, யாரிடமும் எதையும் வாயால் சொல்லாத பழக்கம். 'அமைதி காக்கவும்' என்று சுவரில் ஒரு பலகை தொங்கியது. யாராவது சத்தம் போட்டால் நான் பலகையைப் பார்ப்பேன். அவர்களும் பார்ப்பார்கள். காரியம் முடிந்துவிடும்.

எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம், இந்த இரண்டு சொத்தும் சேர்ந்து என் அக்காள் மகனின் கல்யாணத்தைக் கவிழ்க்கப் பார்த்தன.

அக்காள் புருஷனை நான் மச்சான் என்பேன், அவரும் என்னை மச்சான் என்பார். சிங்கப்பெருமாள் கோயிலுக்குப் பக்கத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போட்டுக்கொண்டிருந்த குடும்பம். இரண்டு லாரி வாங்கிய பிறகு மச்சான் உலகத்தையே ஓட்டுநர் இருக்கையிலிருந்துதான் பார்த்தார். உடம்பு முடியாவிட்டால் 'லோடு தாங்கல' என்பார். ஒருவனைப் பிடிக்காவிட்டால் 'அவன் ரிவர்ஸ்லயே போறவன்' என்பார். அவருடைய மகன் கல்பாக்கத்தில் எலக்ட்ரீஷியன். அங்கே அணுமின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்த காலம் அது. சைக்கிளில் வேலைக்குப் போய், அப்பாவின் சத்தம் இல்லாத இடத்தில் நிம்மதியாக இருந்தான்.

அவனுக்குப் பார்த்த பெண் வேடந்தாங்கல். பெண்ணின் தகப்பனார் அந்த ஊர்ப் பறவை ஏரியில் காவலர். மெலிந்த, உயரமான மனிதர். நின்றால் ஒரு காலில் பாரத்தைப் போட்டுக்கொண்டுதான் நிற்பார். தொழில் உடம்பில் ஏறிவிடும் போலிருக்கிறது.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில்தான். ஆனால் பெண்ணின் தகப்பனார் ஒன்று கேட்டுக்கொண்டார். தையில் ஏரி முழுக்கக் குஞ்சு. அந்த நேரத்தில் அவரால் ஒரு நாள்கூட ஊரை விட்டு நகர முடியாது. தாலியை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும். மச்சான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டுச் சம்மதித்தார். டியூட்டி என்று ஒருவன் சொல்லிவிட்டால் லாரிக்காரருக்கு மரியாதை வந்துவிடும். ஆனால் இடத்தில் விட்டுக்கொடுத்ததைச் சத்தத்தில் ஈடுகட்டுவது என்று தீர்மானித்தார். காஞ்சிபுரத்திலிருந்து மேளம், நான்கு குழாய் வைத்த மைக்செட், ஒரு பெட்டி வேட்டு.

நிச்சயதார்த்தத்தன்று பெண்ணின் தகப்பனார் என்னை மட்டும் ஏரிக்கரைக்கு அழைத்துப் போனார். படித்த ஆள் என்று என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார், பாவம். பறவைகள் கூடு கட்ட வந்ததிலிருந்து திரும்பிப் போகும்வரை அந்த ஊரில் வேட்டு கிடையாது, மேளம் கிடையாது, மைக்செட் கிடையாது என்றார். தீபாவளிக்குக்கூட அந்த ஊர்ப் பிள்ளைகள் மத்தாப்போடு நிறுத்திக்கொள்கிறார்கள். சட்டம் வருவதற்கு எவ்வளவோ முன்பே ஊர் தானாகப் போட்டுக்கொண்ட கட்டு அது. பறவைகளின் எச்சம் ஏரியில் விழுகிறது, அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாய்கிறது, வயல் விளைகிறது. வீட்டுக்கு வந்து சோறு போடுகிற விருந்தாளியை யார் விரட்டுவார்கள்? 'உங்க மச்சானாண்ட பக்குவமா சொல்லிடுங்க' என்றார். 'அதெல்லாம் நான் பார்த்துக்கறேன்' என்றேன்.

பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். சொல்லவில்லை. முதல் தடவை போனபோது மச்சான் சந்தோஷமாக இருந்தார். கெடுப்பானேன் என்று விட்டேன். இரண்டாம் தடவை கோபமாக இருந்தார்; அப்போது யாரால் சொல்ல முடியும்? மூன்றாம் தடவை சந்தோஷமும் இல்லாமல் கோபமும் இல்லாமல் தூங்கிக்கொண்டிருந்தார். இதற்கிடையில் வேடந்தாங்கலிலிருந்து எனக்கு ஒரு தபால் கார்டு வந்தது: 'அந்த விஷயம் சொல்லியாயிற்றா?' நான் பதில் போட்டேன்: 'அது முடிந்த விஷயம்.' அதைவிடக் கச்சிதமான ஒரு பொய்யை நான் அதற்குப் பிறகு எழுதியதில்லை.

இப்படியாக, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் பிற்பகல் மாப்பிள்ளை வீட்டார் லாரியில் கிளம்பினோம். பின்னால் ஜமக்காளம் விரித்து முப்பது பேர், மேளக்காரர்கள், மைக்செட், வேட்டுப் பெட்டி. முன்னால் மச்சானே ஓட்டினார். பக்கத்தில் நான். செங்கல்பட்டைத் தாண்டி, படாளம் கூட்ரோட்டில் பெரிய சாலையை விட்டுத் திரும்பினோம். இரு பக்கமும் நெற்கதிர் தலை சாய்ந்திருந்தது. இப்போது சொல்லிவிடலாம், அடுத்த மைல் கல்லில் சொல்லிவிடலாம் என்று மைல் கற்களை எண்ணிக்கொண்டே வந்தேன். கற்கள்தான் தீர்ந்தன.

மச்சானுக்கு ஒரு வழக்கம் உண்டு. லாரி ஓட்டுகிற பலருக்கும் உண்டு. எந்த ஊர் எல்லையில் எந்த அம்மன் கோயிலைப் பார்த்தாலும் மூன்று தடவை ஹாரன் அடிப்பார். கை ஸ்டியரிங்கில் இருப்பதால் கும்பிட முடியாது. அதற்குப் பதில் அது. அவருடைய ஹாரன் பூசணிக்காய் அளவு ரப்பர் உருண்டை வைத்தது. மதுராந்தகத்தில் அடித்தால் செங்கல்பட்டில் எருமை ஒதுங்கும் என்று அவரே சொல்லிக்கொள்வார்.

வேடந்தாங்கல் எல்லையில், ஏரிக்கரையை ஒட்டி, ஒரு சின்ன அம்மன் கோயில் இருந்தது. அவர் கை ரப்பரை நோக்கிப் போவதைப் பார்த்தேன். "மச்சான்" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

மூன்று தடவை அடித்தார்.

கரைக்கு அந்தப்புறம் வானம் எழுந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று ஆயிரக்கணக்கில் ஒரே சமயத்தில் எழும்பி, சிறகுச் சத்தம் லாரி எஞ்சினை அமுக்கிவிட்டது. பின்னாலிருந்த எங்கள் ஜனம் கை தட்டியது. தங்களை வரவேற்க ஏற்பாடு செய்தது என்று நினைத்திருப்பார்கள்.

சாலையில் பெண் வீட்டார் சந்தனமும் கற்கண்டும் தட்டில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். முன்னால் பெண்ணின் தகப்பனார், புது வேட்டியில். தட்டை மனைவி கையில் கொடுத்துவிட்டு, எங்களை ஒரு பார்வைகூடப் பார்க்காமல் கரை மேல் ஓடினார்.

மச்சான் லாரியிலிருந்து இறங்கினார். முகம் சிவந்துவிட்டது. "மாப்ள வூட்டுக்காரனை ரோட்டுல நிக்க வெச்சிட்டு எங்க ஓடறாரு இந்த மனுசன்?" என்று கேட்டுக்கொண்டே அவர் பின்னால் ஏறினார். நானும் ஏறினேன். சண்டை நடந்தால் விலக்குவதற்கு அல்ல; கீழே நின்றால் அக்காள் கேள்வி கேட்பாள்.

மேலே போனதும் மச்சான் வாய் நின்றுவிட்டது. ஏரித் தண்ணீருக்குள் இடுப்பளவு மூழ்கி நீர்க்கடம்பு மரங்கள். மரம் முழுக்கக் கூடுகள். பெரிய பறவைகள் எல்லாம் ஆகாயத்தில் சுற்றிக்கொண்டிருக்க, கூடுகளில் குஞ்சுகள் மட்டும் வாயைப் பிளந்துகொண்டிருந்தன. காக்கைகள் இறங்கிக்கொண்டிருந்தன. அவசரமே இல்லை அவற்றுக்கு. வாசலில் செருப்பை விட்டுவிட்டுப் பந்திக்குப் போகிறவர்கள் மாதிரி இறங்கின. ஒன்று முட்டையைக் குத்தியது. ஒன்று பஞ்சு போன்ற எதையோ தூக்கிக்கொண்டு கரை ஓரமாக எங்கள் தலைக்கு மேலேயே போனது. பெண்ணின் தகப்பனார் முழங்கால் தண்ணீரில் நின்று துண்டை வீசிக்கொண்டிருந்தார். சத்தம் போட்டு விரட்ட முடியாது. சத்தம் போட்டால் மேலே இருப்பவை இன்னும் இறங்கா. வாயை மூடிக்கொண்டு ஒரு மனிதர் காக்கைகளோடு சண்டை போடுவதை அன்றுதான் பார்த்தேன்.

கால் மணி நேரத்தில் பறவைகள் ஒவ்வொன்றாகக் கூட்டுக்குத் திரும்பின. அவர் கரையேறி வந்தார். புது வேட்டியில் சேறு. மச்சானைப் பார்த்து முதலில் கும்பிட்டார். பிறகு கேட்டார்:

"உங்க மச்சான் சொல்லலீங்களா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். பார்ப்பதற்கு அங்கே பலகை எதுவும் இல்லை.

"இன்னா சொன்னாரு உன்னாண்ட?" என்றார் மச்சான். நான் சொன்னேன். ஆறு வாரம் தாமதமாக, ஆறு வாக்கியத்தில். மேளம் கூடாது என்ற இடத்துக்கு வந்தபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. மச்சானுக்குக் கேட்டுவிட்டது.

"மோளம் இல்லாம கண்ணாலமா? சாவுக்கே மோளம் கீது."

அது வீம்பு மட்டும் அல்ல. கெட்டிமேளம் எதற்கு? தாலி ஏறுகிற நொடியில் தும்மல், அழுகை, அபசகுனமான வார்த்தை எதுவும் காதில் விழக்கூடாது என்பதற்குத்தான். அக்காளுக்கு அதில் பெரிய பயம். அவளுடைய கல்யாணத்தில் தவில்காரர் அரை நொடி பிந்திவிட்டார். அந்த இடைவெளியில் பந்தலில் யாரோ தும்மினார்கள். வாழ்க்கையில் அவளுக்கு நேர்ந்த எல்லாவற்றுக்கும், மச்சான் உட்பட, அந்தத் தும்மல்தான் காரணம் என்பாள். அப்போது எனக்குப் பதினான்கு வயது. யார் தும்மியது என்று இதுவரை நான் சொல்லவில்லை.

பெண்ணின் தகப்பனார் தோளிலிருந்த ஈரத் துண்டை எடுத்தார். அப்புறம் நிதானமாகச் சொன்னார்:

"சம்மந்தி, என் பொண்ணுக்குன்னு நானே ஒரு நாள் மோளம் கொட்டிட்டா, நாளைக்கு வேற ஒருத்தன் வேட்டு வெச்சா நான் இன்னா வாயால கேக்கறது? நீங்க பொண்ண இட்டுகினு போயி உங்க ஊர்லயே தாலி கட்டுங்க. ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டேன். நான் வர்ல. இங்கியே கீறேன்."

ஒரே பெண். குரலில் கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. டியூட்டி சீட்டைப் படிப்பது மாதிரி சொன்னார். துண்டைப் பிழிகிற சாக்கில் முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மச்சான் அவரை மேலும் கீழும் பார்த்தார். "பெத்தவன் நீ இங்க நின்னுகினா அங்க தாரை வார்த்துக் குடுக்கறது யாரு? அந்தக் கொக்கா?" என்று மரத்தைக் காட்டினார்.

"அது கொக்கு இல்லீங்க. நத்தைக்குத்தி நாரை."

"அது பேரு இன்னாவா வேணா இருக்கட்டும்."

பிறகு மச்சான் கரை மேலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் ஒரு பாதுகாப்பான தூரத்தில் உட்கார்ந்தேன். வெயில் சாய்ந்துகொண்டிருந்தது. இரைக்குப் போயிருந்த பறவைகள் திரும்பி வரத் தொடங்கின. பாம்புத்தாரா தண்ணீருக்கு மேல் கழுத்தை மட்டும் நீட்டி வந்தது. கரண்டிவாயன் சேற்றைத் துழாவியது. நூலகத்தில் இருந்த ஒரே பறவைப் புத்தகத்தை நான் படித்திருந்தேன். அந்தத் தைரியத்தில் ஒரு பறவையைக் காட்டி, குளிர்தேசத்திலிருந்து வருகிற அபூர்வ இனம் என்று விளக்கினேன். அது உள்ளூர் நீர்க்காகம் என்றும், சிறகை உலர்த்திக்கொண்டிருக்கிறது என்றும் பெண்ணின் தகப்பனார் அடக்கமாகச் சொன்னார். அதன் பிறகு கேள்விகளை மச்சானே கேட்டார். எங்கேயிருந்து வருகின்றன? சில பக்கத்து ஏரிகளிலிருந்து, சில இமயமலைக்கும் அந்தப்புறத்திலிருந்து. வழியில் செக்போஸ்ட் இல்லையா? இல்லை. வருஷா வருஷம் இதே மரத்துக்கு எப்படி வழி தெரிகிறது? அது அவருக்கும் தெரியாது. மச்சான் தலையை ஆட்டினார். மதுராந்தகம் போகச் சொன்னால் உத்திரமேரூரில் போய் நிற்கிற டிரைவரை வைத்திருப்பவர் அவர்.

ஒரு பெரிய நாரை காலை முன்னால் நீட்டி, சிறகைப் பின்னுக்கு அடித்து, கூட்டு விளிம்பில் அப்படியே நின்றது. மச்சான் என் பக்கம் திரும்பி, "பிரேக்க பாத்தியா?" என்றார். என்னை மன்னிக்கவில்லை, ஆனால் அதைச் சொல்ல அவருக்கு யாராவது வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "எல்லாத்தையும் ஒரே லோடா ஏத்தணும்னு இன்னா கீது? ரெண்டு ட்ரிப்பா அடிச்சிக்கலாம்."

திட்டம் இதுதான். தாலி இங்கே, சத்தமில்லாமல். மேளம் ஏழு மைல் தள்ளி, படாளம் கூட்ரோட்டில். இங்கே தாலி ஏறுகிற அதே நேரத்துக்கு அங்கே கெட்டிமேளம். காதுக்குக் கேட்காதே என்று நான் இழுத்தேன். "சாமிக்குக் கேக்கும்" என்றார். அதற்கு மேல் விவாதிக்க எனக்கு யோக்கியதை இல்லை. நாதஸ்வர வித்வானிடம் கடிகாரம் இல்லை என்றதும், மாப்பிள்ளை தன் கையிலிருந்ததைக் கழற்றிக் கொடுத்தான். அந்தக் கல்யாணத்தில் தாலி கட்டியதைத் தவிர அவனாகச் செய்தது அது ஒன்றுதான். முகத்தில் அவ்வளவு நிம்மதி.

இருட்டுவதற்கு முன் மேளக்காரர்களையும் மைக்செட்டையும் வேட்டுப் பெட்டியையும் லாரியில் ஏற்றினோம். எஞ்சினைக் கிளப்பினால் உறுமும் என்று மச்சானுக்குத் திடீரென்று தோன்றிவிட்டது. அதனால் மாப்பிள்ளை வீட்டார் அத்தனை பேரும், பட்டு வேட்டியும் செண்டு வாசனையுமாக, அந்த லாரியை ஊர் எல்லைவரை கையால் தள்ளினோம். சம்மந்தி வீட்டார் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே கூடத் தள்ளினார்கள். அம்மன் கோயில் வந்தது. ஸ்டியரிங்கில் இருந்த மச்சான் ரப்பர் பக்கம் கையைக் கொண்டுபோய், பாதியில் நிறுத்தி, இரண்டு கையையும் விட்டுவிட்டுக் கும்பிட்டார். லாரி கொஞ்சம் வரப்புப் பக்கம் போனது. பரவாயில்லை, நாங்கள் தள்ளுகிற வேகம்தானே. எல்லை தாண்டி எஞ்சினைக் கிளப்பி, மேளக்காரர்களைப் படாளத்தில் இறக்கிவிட்டுத் திரும்பிய மச்சான், லாரியை எல்லைக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்தார்.

மறுநாள் ஆறரைக்கு மேல் முகூர்த்தம். ஏரிக்கரையை ஒட்டின வீட்டு வாசலில் சின்னப் பந்தல். யாரும் வாய் திறக்கக்கூடாது, தும்மக்கூடாது என்று அக்காள் ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னாள். என்னிடம் மட்டும் மூன்று தடவை சொன்னாள். எனக்கு அப்போதே மூக்குக்குள் எறும்பு ஊர ஆரம்பித்துவிட்டது. ஹோமப் புகை என் பக்கமாகத்தான் வந்தது. புகைக்கும் தூசிக்கும் நான் யார் என்று எப்போதும் தெரியும்.

பெண்ணின் தகப்பனார் வேறு வேட்டியில் வந்து, மனைவி தண்ணீர் ஊற்ற, மகள் கையைப் பிடித்துக் கொடுத்தார். ஐயர் பழக்க தோஷத்தில் விரலை உயர்த்தி, "கெட்டிமேளம்" என்று சொல்லிவிட்டார். பாதியிலேயே நினைவு வந்து குரலைத் தணித்துக்கொண்டதில் அது ரகசியம் சொன்னது போல ஆனது.

ஒரு நொடி பந்தலில் ஒன்றும் கேட்கவில்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு எனக்குக் கண்ணில் நீர் வழிந்தது. தாய்மாமன் உருகிவிட்டான் என்று பிற்பாடு பேசிக்கொண்டார்கள். அப்போது கரைக்கு அந்தப்புறத்திலிருந்து அது வந்தது. காலை இரை வந்து சேர்ந்திருக்க வேண்டும். ஆயிரம் கூட்டிலிருந்து குஞ்சுகள் ஒரே சமயத்தில் கத்தின. நாரைகள் அலகோடு அலகு தட்டின. நிற்காமல், மூன்று முடிச்சும் விழுகிறவரை. அக்காள் காதைக் கொடுத்துக் கேட்டாள். "பசங்க சத்தம்தான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். தாலி ஏறும்போது பிள்ளைச் சத்தம் கேட்டால் அதைவிட வேறென்ன வேண்டும் என்று பிறகு ஊரெல்லாம் சொன்னாள். மூன்றாவது முடிச்சு விழுந்ததும் நான் தும்மினேன். ஒன்பது தும்மல். ஒரு பறவைகூட எழவில்லை. என்னால் யாருக்கும் தீங்கில்லை என்று அவை கண்டுகொண்டிருக்க வேண்டும்.

பத்து மணிக்குப் பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்பினோம். பெண்ணின் தகப்பனார் எல்லைக் கோயில்வரைதான் வந்தார். மகள் தலையில் கையை வைத்தார். மச்சான் அவர் தோளைத் தட்டி, "நீ போ சம்மந்தி, டியூட்டிய பாரு. காக்கா வந்துரப் போவுது" என்றார்.

படாளத்தில் வித்வான் எங்களுக்காகவே காத்திருந்தார். ஆறு நாற்பதுக்கு பஸ் நிறுத்தத்தில் நின்று கெட்டிமேளம் கொட்டியிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்திருக்கிறது. மாப்பிள்ளை எங்கே என்று ஜனங்கள் கேட்டிருக்கிறார்கள். வேடந்தாங்கலில் என்று இவர் சொல்லியிருக்கிறார். அப்படியானால் நீங்கள் யார் என்றதற்கு, நாங்கள் மேளம் என்றாராம். பஸ்ஸில் இருந்த பெண்கள் கையெடுத்துக் கும்பிட்டார்களாம். கெட்டிமேளம் முடிகிறவரை விசில் கொடுக்கமாட்டேன் என்று கண்டக்டர் நின்றுவிட்டாராம். அதைக் கேட்டதும் மச்சானுக்கு முகம் மலர்ந்துவிட்டது. ஊர் பேர் தெரியாத நாற்பது பேர் சாட்சியாக வேறு யார் வீட்டுக் கல்யாணத்தில் மேளம் கொட்டினார்கள்?

பெண்ணையும் பிள்ளையையும் கூட்ரோட்டுப் புளியமரத்தடியில் நிற்க வைத்து, இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். வித்வான் சீவாளியை நனைத்தார். தவில் ஒரு போடு போட்டது. வேட்டுக் கட்டு ஒன்றும் வெடித்தது. சட்டென்று கல்யாணப் பெண் தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தாள். அவளைப் பார்த்து மச்சானும் அண்ணாந்தார். நானும். வித்வானும் வாசிப்பை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்.

மின்கம்பியிலிருந்து நான்கு எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றின.

மச்சான் கண்ணை இடுக்கிக்கொண்டு பார்த்தார். "காக்காதான்," என்றார். "நல்லா அடி."